ரேடியோவில் சொல்ல வேண்டாத பேர்

மதியம் பன்னிரண்டரை ஆகியும் ஒருத்தரும் துக்கம் கேட்க வரவில்லை.

ரோஷா எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்திருந்தாள். அப்பாவின் பெட்டி ஜன்னலோர அறையில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தை நிறுத்தியாயிற்று. கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடியாயிற்று. தலைமாட்டில் இரண்டு மெழுகுவர்த்தி எரிந்தது. சமையலறை மேசையில் நாலு தட்டு நிறைய சாண்ட்விச், ஒரு பழக் கேக், பாதிரியார் வந்தால் கொடுக்க நல்ல கப் ஒன்று, மற்றவர்களுக்கு முப்பது கப், மூன்று பாட்டில் விஸ்கி. சாண்ட்விச்சின் ஓரம் காய்ந்து சுருள ஆரம்பித்திருந்தது. ஈரத்துணி போட்டு மூடினாள்.

அந்தக் கடலோரத்தில் சாவு வீட்டுக்குப் போகாமல் இருப்பது என்று ஒன்று கிடையாது. வேலித் தகராறில் இருபது வருஷம் முகம் பார்க்காதவன்கூட வருவான். செத்தவன் கையைத் தொட்டு ஒரு ஜெபம் சொல்லி, ஒரு வாய் விஸ்கி குடித்துவிட்டு, மறுநாளிலிருந்து வாரிசோடு பேசாமல் இருக்க ஆரம்பிப்பான். அப்பேர்ப்பட்ட கரிக்பான் ஊரில், நேற்று சாயங்காலம் பெட்டி வந்து இறங்கியதிலிருந்து இந்த வீட்டு வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு மாவட்ட ரேடியோவில் மரண அறிவிப்பு வாசித்தார்கள். ரோஷா தன் காதால் கேட்டாள். 'கோர்னீலியஸ் போயில், கரிக்பான். அமைதியாக இறந்தார். உடல் அவர் வீட்டில் இருக்கிறது. நாளை பதினொரு மணிக்கு அடக்கம்.' அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் யாரும் வரவில்லை.

பக்கத்தில் இருப்பவை மூன்றும் வெளியூர்க்காரர்களின் கோடை வீடுகள். நவம்பர் மாதத்தில் அடைத்துக் கிடந்தன. போய் யாரையாவது கேட்கலாம் என்றால், பிணத்தைத் தனியாக விடக் கூடாது, துணைக்கு வைக்க இரண்டாவது ஆளும் இல்லை. ராத்திரி பூரா நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். கொல்லைப்பக்கம் போகும்போதுகூட, "இதோ வந்துட்டேம்பா" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வைத்துப் போனாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. கிளாஸ்கோவில் ஒரு ஆஸ்பத்திரியில் சமையல் வேலை. பதினேழு வயதில் கப்பல் ஏறியவள், வருஷத்துக்கு ஒரு வாரம் வந்து போவாள்.

ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும் என்றே நினைத்தாள். எல்லாம் அந்தப் பேர்தான்.

கரிக்பானில் பாதிப் பேர் போயில். மீதிப் பேர் அவர்களுக்குச் சம்பந்தி. அதனால் குடும்பப் பேரை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பேர் இருக்கும். இந்த வீட்டுக்கு வாய்த்தது 'கயிறறுத்தான்'. அப்பாவின் தாத்தா ஒரு புயலில், பாய்மரம் ஒடிந்த இன்னொரு படகைத் தன் படகோடு கட்டி இழுத்து வந்தார். பாறைக்கு இருநூறு கஜம் இருக்கும்போது தன் படகும் அமிழ ஆரம்பித்தது. கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். அவர் படகில் இருந்த ஐந்து பேர் கரை ஏறினார்கள். பின்னால் இருந்த நாலு பேர் போனார்கள். அறுக்காவிட்டால் ஒன்பது பேரும் போயிருப்பார்கள் என்று ஊரே சொன்னது. சொல்லிவிட்டு, பேரையும் வைத்தது.

அப்பா அப்போது பிறக்கவேயில்லை. பிறந்து, வளர்ந்து, மீன் பிடிக்கக் கடலுக்குப் போகாமல் ஸ்காட்லாந்தில் சுரங்கம் தோண்டப் போய், முதுகு உடைந்து திரும்பி வந்து, ஆடு வளர்த்து, எண்பத்தொரு வயது வரைக்கும் கயிறறுத்தான் கோன்டியாகவே இருந்தார். கோர்னீலியஸ் என்பதை அங்கே கோன்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசி இரண்டு வருஷம் லெட்டர்கென்னி டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். போன மாதம் ரோஷா பார்க்கப் போனபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க என்னை மிஸ்டர் போயில்னு கூப்பிடறாங்க, தெரியுமா? காலைல டீ குடுக்கற பொண்ணு, 'குட் மார்னிங் மிஸ்டர் போயில்'ங்குது. ரெண்டு வருஷமா அந்தப் பட்டப்பேரு என் காதுல விழல."

"நல்லதுதானேப்பா."

"இப்படியே போயிடறேன் ரோஷா. ரேடியோவுல அந்தப் பேரப் போட விட்டுடாத. என் பேர்லயே என்னை அனுப்பு. செய்வியா?"

"செய்யறேம்பா."

அவர் கேட்டது அது ஒன்றுதான். பெட்டிக்கு ஏற்பாடு செய்த லெட்டர்கென்னி ஆள், "வேற பேர் ஏதாச்சும் சேக்கணுமாம்மா, அந்தப் பக்கத்துல வழக்கமாச்சே" என்று கேட்டபோது, "வேண்டாம்" என்று சொன்னாள். சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டேகால் மணிக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

இறங்கியவர் தபால் கோன்டி. அவர் பேரும் கோர்னீலியஸ் போயில்தான். நாற்பது வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயது, நெஞ்சுவலிக்காரர். முழுகிப்போன நாலு பேரில் ஒருவர் இவருடைய தாத்தா. கடிதம் போடக் கதவு வரைக்கும் வருவாரே தவிர, இந்த வீட்டுக்குள் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

நனைந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கை நிறைய பூசை அட்டைகள், செத்தவர் ஆன்மாவுக்குப் பூசை வைக்கக் காசு கட்டி வாங்கி வருபவை.

"உன் துக்கத்துக்கு வருத்தப்படறேன் ரோஷா" என்று கையைக் குலுக்கினார். பிறகு, "உள்ள வரலாமா? காலைலேர்ந்து செத்துப் போயி ரொம்பக் களைப்பா இருக்கு" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"ரேடியோ கேட்டியா, இல்லையா? கரிக்பான் கோர்னீலியஸ் போயில் செத்துட்டாராம். நான் தூங்கிட்டிருந்தேன், எனக்குத் தெரியல. ஒம்பதரைக்குக் கதவத் தட்டற சத்தம். பைஜாமாவோட போயித் திறக்கறேன், பெல்லா ஸ்வீனி ஆப்பிள் கேக்கோட நிக்கறா. என்னைப் பாத்து ஒரு கத்து கத்தினா பாரு, கேக்கு படில, அவ கொல்லைல."

ரோஷா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்து மணிக்குள்ள முப்பது பேரு. உயிரோட இருக்கேன்னு சொன்னா நல்லதுன்னு போகக் கூடாதா? வந்தது வந்துட்டோம்னு உக்காந்து என் விஸ்கியக் குடிச்சாங்க. என் சாவுக்கு நானே டீ போட்டேன். ஒருத்தன், நான் முழிச்சுக்கிட்டு இருக்கறது மரியாதையா இல்லேங்கறான். சாவுக்கு முந்தி எங்க குடும்பத்துக்குன்னு வந்து அழற பான்ஷீப் பேய்கூட நேத்து வந்து என் கூரை மேல உக்காந்திருக்கும், பாவம், வெலாசம் தெரியாம." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அப்புறம் ரேடியோக்காரன் ஏதோ தப்பா வாசிச்சிட்டான்னு சொல்லி எல்லாரும் கலைஞ்சு போயிட்டாங்க. நான்தான் கப்பெல்லாம் கழுவறப்ப யோசிச்சேன். கோர்னீலியஸ் போயிலுன்னு உறைல எழுதி வர்ற வீடு கரிக்பான்ல ரெண்டு. அது எனக்கு மட்டுந்தானே தெரியும்."

"அப்ப யாருமே... யாருக்குமே எங்கப்பா ஞாபகம் வரலையா?"

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவன் இல்லத்துக்குப் போயி ரெண்டு வருஷமாச்சு புள்ள. சிலபேரு அவன் எப்பவோ போயிட்டான்னு நெனச்சிட்டிருந்தாங்க. மத்தவங்களுக்குக் கோர்னீலியஸ் யாருன்னே தெரியாது. அவனுக்கே அது அவன் பேருன்னு தெரியுமோ என்னவோ."

"தெரியும்" என்றாள் ரோஷா. "அதச் சொல்லித்தான் கூப்பிடணும்னு கேட்டாரு."

சொன்னாள். டீ கொடுக்கும் பெண், மிஸ்டர் போயில், கையைப் பிடித்துக் கேட்டது, எல்லாம். தபால் கோன்டி தொப்பியை மேசைமேல் வைத்தார். உள்ளே போய்ப் பெட்டியருகே நின்று, இறந்தவர் கையைத் தொட்டார். ஜெபம் சொல்லும் நேரம் நின்றார்.

திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "நாளைக்குப் பெட்டிய யாரு தூக்கறா?"

"லெட்டர்கென்னிக்காரர் நாலு ஆளக் கூட்டிட்டு வரேன்னாரு."

"கூலிக்கா? கோன்டியவா?" கோபம் வந்தது. "இந்த ஊர்ல அவன் தோள் குடுக்காத பெட்டி கெடையாது. எங்கம்மா பெட்டிய மேட்டுக் கல்லறை வரைக்கும் அவன்தான் தூக்கினான். ஒடஞ்ச முதுகோட. மாத்திக்கச் சொன்னாங்க, மாத்திக்கல. ஆறு பேரு, ஆறு பேரா அவனை அந்த மேட்டுல ஏத்தணும். ரேடியோவுல அஞ்சு மணி வாசிப்புக்கு மூணுக்குள்ள சொல்லணும். போயி போன் பண்ணு."

"பண்ணி என்ன சொல்றது?"

"கயிறறுத்தான் கோன்டின்னு சொல்லு. வேற என்ன?"

"நீங்களே நாலு வீட்ல சொன்னா ஆகாதா?"

"காலைல எங்க வீட்டுக்கு வந்தவங்க மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போயாச்சு. சரி, போயிச் சொல்றேன். 'எந்தக் கோர்னீலியஸ்'னு கேப்பான். அப்ப நான் என்ன சொல்லணும், நீயே சொல்லு."

அவள் சாண்ட்விச் தட்டின் மேல் ஈரத்துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"அது திட்டுறதுக்கு இல்ல ரோஷா. அது வெலாசம். நாப்பது வருஷம் அத வச்சுத்தான் லெட்டர் குடுத்தேன். அவன் லெட்டர் எனக்கும் என் லெட்டர் அவனுக்கும் ஒரு நாள் மாறினதில்ல. நீ ஒரே காலைல மாத்திட்ட."

"உங்களுக்கு வெலாசம்." ரோஷா சத்தம் போடவில்லை. "எனக்கு எட்டு வயசுல, பள்ளிக்கூட மைதானத்துல, ஸ்கிப்பிங் கயித்த என் முன்னாடி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. 'அறு, அறு'ன்னு. தினமும். அறுக்கறதுக்கு ரூலர் குடுப்பாங்க."

தபால் கோன்டி தரையைப் பார்த்தார். அடுப்பில் விறகுக்குப் பதில் எரியும் சதுப்பு மண்கட்டி ஒன்று சரிந்து புகைந்தது.

"அந்தக் கயிறு எங்க வீட்டுது" என்றார் கடைசியில். "என் பொண்ணு ஃபிடெல்மாவோடது. நான்தான் வாங்கிக் குடுத்தேன். அவ பண்ணறது எனக்குத் தெரியும். டீச்சரம்மா வந்து சொன்னாங்க. நான் ஒண்ணும் கேக்கல அவள." மூச்சு விட்டார். "கேட்டிருக்கலாம்."

மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. வேன் சாவியை மேசைமேல் வைத்தார்.

"முச்சந்தில போன் இருக்கு. போறியோ, போகலையோ, அது உன் பாடு. போனா நான் இவனோட உக்காந்திருக்கேன்."

"நீங்களா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

வேனின் கண்ணாடித் துடைப்பான்களில் ஒன்றுதான் வேலை செய்தது. ஒன்றரை மைல் தூரத்தையும் ரோஷா குனிந்து, பாதிக் கண்ணாடி வழியாகவே பார்த்து ஓட்டினாள். வழி முழுக்க அப்பா வேறு எதை யோசித்திருப்பார் என்று யோசித்தாள். காலியான கோயிலையும் கூலிக்கு வந்த நாலு பேரையும் யோசித்திருப்பாரா? யோசித்துவிட்டுத்தான் கேட்டாரா? இல்லை, எப்படியும் ஊர் வரும், பேர் மட்டும் வேண்டாம் என்று நினைத்தாரா? கேட்க வேண்டிய ஆள் பெட்டிக்குள் இருந்தார்.

போன் கூண்டில் மழை ஒழுகியது. ரேடியோ நிலையத்தில் போனை எடுத்த பெண் வாயில் பிஸ்கட்டோடு பேசினாள்.

"காலைல வாசிச்சோமே, கோர்னீலியஸ் போயில். நாங்க ஏதும் தப்பு பண்ணிட்டோமாம்மா?"

"இல்ல. அந்த ஊர்ல ரெண்டு பேரு இருக்காங்க. இன்னொருத்தர் வீட்டுக்கு எல்லாரும் போயிட்டாங்க."

"அய்யய்யோ. அவரு எப்படி இருக்காரு?"

"நல்லாருக்காரு." ரோஷா வரும் வழியில் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள். "'தபால்காரர் இல்லை'ன்னு ஒரு வரி சேக்க முடியுமா? அவ்வளவு போதும், எல்லாருக்கும் புரிஞ்சிடும்."

"என்னது?"

"கோர்னீலியஸ் போயில், கரிக்பான், தபால்காரர் இல்லை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பிஸ்கட் சத்தம் நின்றது. "அம்மா, செத்தவங்களத்தான் நாங்க வாசிக்க முடியும். சாகாதவரை அதுல இழுக்க முடியாது."

"அவரு ஒத்துக்குவாரு. கேட்டுச் சொல்றேன்."

"அவரு ஒத்துப்பாரு, எங்க மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு. உங்கப்பாவ ஊர்ல என்னன்னு கூப்பிடுவாங்க? அதச் சொல்லுங்களேன். போன வாரம் 'வாத்துக்காரி' மேரின்னே வாசிச்சோம், அவங்க வீட்ல யாரும் கோவிச்சுக்கல. மூணு மணிக்கு லிஸ்ட முடிக்கணும்மா. இன்னும் ஆறு நிமிஷந்தான்."

ரோஷா வாயைத் திறந்தாள். நாற்பத்தெட்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அடுத்தவர் வாயில்தான் கேட்டிருக்கிறாள். கூண்டுக்கு வெளியே ஒரு டிராக்டர் போயிற்று. ஓட்டியவன் ஊர் வழக்கப்படி ஒரு விரலைத் தூக்கி வணக்கம் காட்டிவிட்டுப் போனான். அவள் யார் என்று அவனுக்குத் தெரியாது.

"அம்மா? இருக்கீங்களா?"

"கயிறறுத்தான்" என்றாள். "கயிறறுத்தான் கோன்டி."

"ஒரு தடவை எழுத்துக்கூட்டிச் சொல்லிடுங்க."

எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

திரும்பி வந்தபோது தபால் கோன்டி அவள் விட்டுப்போன நாற்காலியிலேயே இருந்தார். முழங்காலில் ஒரு விஸ்கி கிளாஸ், பாதி குடித்தது. அவள் முகத்தைப் பார்த்தார். "அவனோட பேசிட்டிருந்தேன்" என்றார். "உயிரோட இருந்தப்ப பேசியிருந்தா ஏதாச்சும் பதில் சொல்லியிருப்பான்."

ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது. ரேடியோவைப் போடாமல் இருக்கலாம் என்று ரோஷாவுக்குத் தோன்றியது. ஆனால் போட்டாள். வானிலைக்கும் மாட்டுத் தீவன விளம்பரத்துக்கும் நடுவே, நல்ல தெளிவான குரலில் ஒருவர் வாசித்தார். பேரை இரண்டு தடவை சொன்னார், ஒருவருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று.

ஐந்தரைக்கு முதல் காரின் வெளிச்சம் மேட்டில் தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஆறு மணிக்கு வேலி ஓரம் முழுக்க கார்கள். வாசலில் சேறு. பெல்லா ஸ்வீனி புதிதாக ஒரு கேக்கோடு வந்து, உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகத் தபால் கோன்டியின் கையைக் கிள்ளிப் பார்த்தாள்.

"வலிக்குது, எடுடி."

"வலிக்கட்டும். காலைல எனக்கு மாரடைப்பு வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"ஒரே செலவுல ரெண்டு பேரும் போயிருப்போம்."

சிரித்தார்கள். கதவருகே நின்ற ரோஷாவின் கையை ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்கள். எல்லாரும் நல்ல மனதோடுதான் வந்திருந்தார்கள்.

"உன் துக்கத்துக்கு வருத்தப்படறேன். கயிறறுத்தான் கோன்டி மாதிரி ஒரு ஆளு இல்ல."

"வருத்தப்படறேன் புள்ள. கயிறறுத்தான் கோன்டி எங்கப்பாவோட சுரங்கத்துல ஒண்ணா வேலை பார்த்தவரு."

"கயிறறுத்தான் மகதானே நீ? கண்ணு அப்படியே இருக்கு."

"நன்றி" என்றாள் ரோஷா. "வந்ததுக்கு நன்றி." நாற்பது தடவை சொன்னாள். நாளைக்குத் தூக்குவதற்கு ஆள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். முதல் ஆறு யார், மேட்டில் மாற்றுவது யார் என்று தபால் கோன்டி கணக்குச் சொன்னார். தான் முதல் ஆறில் என்றார். நெஞ்சுவலிக்காரன் தூக்கக் கூடாது என்று நாலு பேர் சண்டை போட்டார்கள். அவர் கேட்கவில்லை.

ஜன்னலோர அறையில் நிற்க இடமில்லை. சுவர் ஓரம், கட்டில் மேல், வாசற்படி என்று எங்கும் ஆட்கள். பெட்டியைச் சுற்றி மூன்று வரிசை. இரண்டு வருஷமாக மிஸ்டர் போயிலாக இருந்தவரை அவர்களுக்கு நடுவில் காணவே முடியவில்லை.

ஏழு மணிக்கு ஜெபமாலை சொல்ல எல்லாரும் மண்டியிட்டார்கள். தபால் கோன்டி சமையலறைக்கு வந்தார்.

"வா ரோஷா. உனக்காகத்தான் காத்திருக்காங்க."

அவள் முதுகைக் காட்டியபடி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "நீங்க ஆரம்பிங்க."

"மக இல்லாம எப்படி ஆரம்பிக்கறது?"

"இத முடிச்சிட்டு வரேன்."

அவர் அங்கேயே நின்றார். தட்டுகளைப் பார்த்தார். ஐந்து தட்டு நிரம்பிவிட்டது. எல்லாரும் சாப்பிட்டாயிற்று. கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜெபம் ஆரம்பித்தது. முன்குரல் ஒருவர், பின்குரல் நாற்பது பேர். ரோஷா அடுத்த ரொட்டியை எடுத்தாள். நேற்றிலிருந்து அப்பாவை ஒரு நிமிஷம் தனியாக விடாதவள், ரேடியோ அந்தப் பேரை வாசித்த ஐந்து மணிக்கு மேல் அந்த அறைக்குள் போகவில்லை. வீடு நிறைந்திருந்தது. அவர் தனியாக இல்லை. வெண்ணெய் தீர்ந்தது. வெறும் கத்தியை ரொட்டியின் மேல் தேய்த்துக்கொண்டே நின்றாள்.